இரண்டாவது ஜாடி

அத்தியாயம் 7

"உட்காருங்கனு நான் இன்னும் சொல்லல" என்றார் வேதியியல் துறைத் தலைவர் எழிலன்.

"எப்படியும் சொல்லுவீங்க, அந்த நேரத்த மிச்சம் பண்ணேன்" என்றாள் அமராவதி, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு.

அவளுக்குப் பின்னால் நின்ற கதிரவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அமராவதியின் கணவருக்குத் தம்பி அவன். காரோட்டி, கணக்குப்பிள்ளை, வாயாடி என்று மூன்று வேலை பார்ப்பவன். அமராவதி கடலூரில் இருபது வருடம் பெண் வீட்டுக்காக மாப்பிள்ளைகளை விசாரித்தவள். அந்தப் பழக்கத்தில் எந்த ஆணும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் பாதியைத்தான் நம்புவாள். எழிலன் அறையைப் பார்த்ததும் அந்தப் பாதியும் குறைந்தது. சுவரில் ஒன்பது படங்கள். ஒன்பதிலும் அவருக்கு யாரோ பொன்னாடை போர்த்துகிறார்கள். ஒன்றில்கூட ஒரு சோதனைக் குழாய் இல்லை.

"வினோதினியோட அப்பா தமிழ்மணி அனுப்பினாரு" என்றாள்.

"யாரு, நெல்லிக்குப்பத்துல கரும்பு டிராக்டர் ஓட்டுறவரா? டிராக்டர் டிரைவரெல்லாம் டிடெக்டிவ் வைக்கிற காலமா போச்சு."

"டிரைவர் பொண்ணு ஆராய்ச்சி பண்றா சார். காலம் நல்லாத்தான் போவுது" என்றான் கதிரவன்.

எழிலன் அவனைப் பார்க்கவில்லை. காரோட்டிகளைப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

விஷயம் இதுதான். கடலூரில் ஒரு கல்வி அறக்கட்டளை, பி.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. கல்லூரிக்கு ஒருவர். எட்டு வாரம் சென்னையில் நல்ல ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். தங்குமிடம், சாப்பாடு, ரசாயனம் எல்லாம் அவர்கள் செலவு. சிதம்பரத்தில் புவனகிரி சாலையோரம் இருந்த இந்தத் தனியார் கல்லூரியிலிருந்து இந்த முறை இரண்டு விண்ணப்பங்கள் போயின. ஒன்று இரண்டாம் ஆண்டு மாணவி வினோதினியுடையது. இன்னொன்று ஸ்ரீதருடையது. ஸ்ரீதர் கல்லூரித் தாளாளரின் மகன். இரண்டுக்கும் ஒரே தலைப்பு, ஒரே முறை, வரிக்கு வரி ஒரே வாசகம்.

"ஸ்ரீதரோடது மார்ச் பத்தாம் தேதி போச்சு. அவளோடது பன்னெண்டு" என்றார் எழிலன். "யாரு யாரைப் பாத்து எழுதினாங்கனு சொல்ல டிடெக்டிவ் எதுக்கு? தினசரி காலண்டர் போதும்."

"ஸ்ரீதருக்கு வழிகாட்டி யாரு?"

"நான்தான்."

"வினோதினி உங்ககிட்ட வரலியா?"

"வந்தா. நேரமில்லனு அனுப்பிட்டேன். இங்க பாருங்கம்மா, மூணு மணிக்குக் கடலூர்ல அறக்கட்டளைச் செயலாளர் முடிவு சொல்றாங்க. அதுக்குள்ள மன்னிப்புக் கடிதம் குடுத்தா, விண்ணப்பத்த வாபஸ் வாங்கிட்டானு முடிச்சுக்குவேன். இல்லனா காப்பியடிச்சவனு நன்னடத்தைச் சான்றிதழ்ல எழுதுவேன். அதுக்கப்புறம் எந்த ஊர்ல எம்.எஸ்சி. சேக்குறாங்கனு நானும் பாக்குறேன்."

"ரெண்டு விண்ணப்பத்தையும் ஒரு தடவ பாக்கலாமா?"

எழிலன் இரண்டு கட்டுகளை மேசையில் தள்ளினார். "எடுத்துனு போங்க. படிச்சா புரியப் போவுதா?"

"நீங்க படிச்சீங்களா சார்?"

"நான் துறைத் தலைவர்ம்மா."

"கேள்வி அது இல்லையே" என்று சொல்லிவிட்டு அமராவதி எழுந்தாள்.

*

கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வினோதினி தன் ரெக்கார்ட் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண். அழுது முடித்த முகம் இல்லை. அழ நேரமில்லாத முகம்.

"மன்னிப்புக் கடிதம் எழுத மாட்டேன் மேடம்."

"எழுதுனு யாரு சொன்னா? முதல்ல உன் ஆராய்ச்சி என்னனு சொல்லு. கதிரவனுக்குப் புரியுற மாதிரி."

"அண்ணி, நான் பிளஸ் டூ பாஸு."

"ரெண்டாவது தடவ."

வினோதினி சொன்னாள். கரும்புச் சக்கையைக் கரியாக்கி, நீலச் சாயம் கலந்த தண்ணீரில் போட்டால் சாயம் நீங்குமா என்பதுதான் கேள்வி. மூன்று கண்ணாடி ஜாடி. முதல் ஜாடியில் கரி உண்டு, வெயிலில் வைத்தாள். இரண்டாவதில் கரி இல்லை, அதையும் வெயிலில் வைத்தாள். மூன்றாவதில் கரி உண்டு, ஆனால் கறுப்புத் துணியால் மூடினாள்.

"எங்க வீட்டுல சட்டைய வெறும் தண்ணில போட்டாலே சாயம் போயிடுது" என்றான் கதிரவன். "எனக்கும் ஒரு உதவித்தொகை வாங்கிக் குடுங்க அண்ணி."

அமராவதி ஸ்ரீதரின் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"கதிரு, இந்தக் கடைசி வரிய சத்தமா படி."

"'மற்ற இரண்டு ஜாடிகளின் அளவுகளை இடது பக்க அட்டவணையில் காண்க.'"

"எங்க, பாரு."

கதிரவன் பார்த்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட வெள்ளைத் தாள்கள், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். புரட்டினால் தாளின் முதுகுதான் வந்தது. "இடது பக்கம் என் டீ கிளாஸ்தான் இருக்கு அண்ணி."

வினோதினி நிமிர்ந்தாள். "மேடம், அது என் ரெக்கார்ட் நோட்டுல இருக்கற வரி."

நோட்டைத் திறந்து காட்டினாள். வேதியியல் படித்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. வலப்பக்கம் கோடு போட்டது. செய்முறையும் முடிவும் அங்கே மையில் எழுத வேண்டும். இடப்பக்கம் கோடில்லாத வெள்ளை. படம், அட்டவணை, கணக்கு எல்லாம் அங்கே பென்சிலில். மாற்றி எழுதினால் நோட்டு முகத்துக்கே பறந்து வரும்.

"நான் விண்ணப்பம் டைப் பண்ணப்ப அந்த வரிய எடுத்துட்டு அட்டவணைய உள்ளயே சேத்துட்டேன். இவுங்க வரிய அப்படியே வெச்சிருக்காங்க."

"ஆக, உன் விண்ணப்பத்தப் பாத்து எழுதல. நோட்டப் பாத்து எழுதியிருக்காங்க. நோட்டு எங்க இருந்துச்சு?"

"பிப்ரவரி பதினெட்டுல இருந்து சார் ரூம்ல. எங்க வகுப்பு நோட்டு முப்பத்தி நாலும் கையெழுத்துக்குப் போச்சு. திரும்பி வந்தது மார்ச் ஒம்போது."

"மார்ச் பத்துல ஸ்ரீதர் விஞ்ஞானி ஆயிட்டாரு" என்றான் கதிரவன்.

"அவசரப்படாத. இத மட்டும் வெச்சுக்கிட்டுப் போனா, நோட்டுல அந்த வரிய இவளே பின்னாடி எழுதிட்டானுவாரு." அமராவதி நான்காம் பக்கத்தைப் புரட்டினாள். "இதுல ஒரு அட்டவணை இருக்கே. இது உன்னோடதா?"

வினோதினி பார்த்தாள். புருவம் சுருங்கியது. "முதல் ஜாடி மட்டும் என்னோடது. தொண்ணூத்திரண்டு சதவீதம் சாயம் போச்சு, சரி. ரெண்டாவது ஜாடி பூஜ்யம்னு போட்டிருக்காங்க. மூணாவது தொண்ணூத்திரண்டு. என் அளவு எழுபத்தெட்டு, இருபத்தொண்ணு."

"அப்படினா?"

"கரியே இல்லாத ஜாடில எழுபத்தெட்டு போயிருக்கு மேடம். கரி ஏதோ கொஞ்சம்தான் செய்யுது. மீதியெல்லாம் வெயில் செஞ்ச வேல. நான் கேட்டிருக்கறதே அதுக்குத்தான். எட்டு வாரம் கிடைச்சா, வெயில வெச்சு மட்டும் எவ்ளோ முடியும்னு பாக்கணும்னு."

"வரிக்கு வரி திருடுனவன் எண்ண மட்டும் ஏன் மாத்தணும்?" என்று கேட்டுவிட்டு அமராவதி நோட்டின் இடப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். முப்பத்தெட்டாம் பக்கம். கீழே சிவப்பு மையில் பெரிய டிக், எழிலனின் கையெழுத்து, 18.2 என்று தேதி. அதற்கு மேலே அட்டவணை. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. "ஏம்மா, மூச்சுவிட்டா பறந்துடும் போல எழுதியிருக்க."

"அழுத்தமான பென்சில்ல எழுதுனா தேச்சு அழுக்காயிடும் மேடம். கடினப் பென்சில்ல லேசா எழுதுவேன்."

அமராவதி நோட்டை மூடினாள். "இங்க ஜெராக்ஸ் கடை எங்க?"

*

பட்டம்மாளின் கடை கல்லூரி மதிலோடு ஒட்டி இருந்தது. இயந்திரம் ஒன்று, பட்டம்மாள் ஒருத்தி. இரண்டுமே சூடாக இருந்தன.

"இந்த ஒரு பக்கம் மட்டும்" என்று அமராவதி முப்பத்தெட்டாம் பக்கத்தை நீட்டினாள்.

பட்டம்மாள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது வராதும்மா. போன தடவையே சொல்லி அனுப்பினேன்."

கதிரவன் இருமினான்.

"போன தடவ யாரு எடுத்துனு வந்தா?" என்றாள் அமராவதி, சில்லறை தேடுகிறவளைப் போல.

"சின்னையன்தான். ஹெச்.ஓ.டி. ரூம் அட்டெண்டர். பென்சில் எழுத்து விழலய்யா, டார்க் பண்ணி இன்னொண்ணு எடுக்கட்டுமானு கேட்டேன். சார் வலது பக்கம் வந்தா போதும்னு சொன்னாருனு சொல்லிட்டு..." பட்டம்மாள் நிறுத்தினாள். அமராவதியின் முகத்தைப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"அந்தப் பொண்ணுக்கு வேண்டியவ."

"என்ன எதுக்கும் கூப்பிடாதீங்க. மதிலு காலேஜோடது. மதில நகத்துனா என் கட நகரும்."

"கூப்பிடல. விழாத தாள என்ன பண்ணீங்க?"

"வெள்ளையா இருந்துச்சு. ரஃப் தாளுனு அடுக்குல போட்டிருப்பேன். பசங்க கணக்குப் போட வாங்குவாங்க."

அடுக்கு முழங்கால் உயரம் இருந்தது. கதிரவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். "ஆறாங்கிளாஸ்ல பரீட்சப் பேப்பர் தேடுனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான்" என்று முணுமுணுத்தான். முக்கால் மணி நேரம் ஆனது. யாருடைய ஆதார் அட்டையோ, யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, ஒரு சிட்டா அடங்கலின் பாதி, எல்லாம் கடந்து, ஒரு வெள்ளைத் தாளோடு நிமிர்ந்தான். மூலையில் அச்சிட்ட 38. கீழே ஒரு டிக், ஒரு கையெழுத்து, 18.2. வேறு ஒன்றுமில்லை.

அதைப் பார்த்ததும் வினோதினியின் முகம் வாடியது. "மேடம், இது சாருக்குத்தான் சாதகம். பக்கம் வெத்தா இருந்துச்சுனு ஆயிடும்."

"ஆமா" என்றாள் அமராவதி. "அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

*

ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்காகப் பத்து நிமிடம் நின்றும், மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூவரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில், அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்தார்கள். அறக்கட்டளைச் செயலாளர் வெண்மதி நேரத்தைத் தவிர எதற்கும் மரியாதை காட்டாதவர். மேசைக்கு அந்தப் பக்கம் எழிலன். பக்கத்தில் ஸ்ரீதர், புதுச் சட்டை, பழைய தூக்கம்.

"மன்னிப்புக் கடிதமா?" என்று எழிலன் கை நீட்டினார்.

"இல்ல சார். ரெண்டு கேள்வி" என்றாள் அமராவதி.

வெண்மதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே ரெண்டு."

"தம்பி ஸ்ரீதர், மூணு ஜாடியையும் எங்க வெச்சு சோதன பண்ணீங்க?"

"எந்த ஜாடி?"

எழிலன் தொண்டையைச் செருமினார். "பையன் கூச்ச சுபாவம். சோதனையெல்லாம் என் மேற்பார்வையில நடந்தது."

"அப்ப நீங்களே சொல்லுங்க. கரி போடாத ரெண்டாவது ஜாடில எவ்ளோ சாயம் போச்சு?"

"பூஜ்யம். கரி இல்லாம எப்படிப் போவும்? ஸ்கூல் பசங்களுக்கே தெரியும்."

"வினோதினி எழுபத்தெட்டுனு எழுதியிருக்கா." அமராவதி நோட்டைத் திறந்து வெண்மதியின் முன் வைத்தாள். வெண்மதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பென்சில்ல" என்றார் எழிலன். அந்தச் சொல்லைக் குப்பைக்கூடையில் போடுவதுபோலச் சொன்னார். "நேத்து உக்காந்து எழுதிட்டு வந்திருப்பா. பென்சிலுக்கு ஏதும்மா தேதி?"

"பக்கத்துல உங்க டிக் இருக்கே சார். தேதியோட."

எழிலன் நோட்டை இழுத்துப் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று கதிரவனுக்கே தெரிந்தது.

"அதனால என்ன? நான் டிக் போடும்போது பக்கம் வெத்தா இருந்திருக்கும்."

"வெத்துப் பக்கத்துக்கா டிக் போட்டீங்க?" என்று கேட்டார் வெண்மதி.

"முப்பத்தி நாலு நோட்டு மேடம். ஒரே மூச்சுல. பக்கத்த எண்ணிப் போடுறதுதான். எல்லா காலேஜ்லயும் இதான் வழக்கம்."

வெண்மதி எதையோ எழுதிக்கொண்டார். எழிலன் அதைக் கவனிக்கவில்லை. ஜெயிக்கிற அவசரம்.

அமராவதி பெருமூச்சுவிட்டாள். தோற்றவளைப் போல அந்த வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் போல சார். இந்தத் தாளு கிடைச்சுது. நோட்டுல இதே பக்கம்தானானு பாத்துச் சொல்லிடுங்க."

எழிலன் வாங்கினார். டிக்கையும் தேதியையும் பார்த்தார். தாளை நோட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். டிக்கின் மேல் டிக், கையெழுத்தின் மேல் கையெழுத்து, மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. அவர் முகம் மலர்ந்தது. பத்தாவது பொன்னாடைக்குத் தயாரான முகம்.

"பாருங்க மேடம். அதே பக்கம். வெள்ள வெளேர்னு இருக்கு. நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறமும் இதுல ஒண்ணுமே இல்ல. இவ பின்னாடிதான் எழுதியிருக்கா. இத விட என்ன சாட்சி வேணும்?"

"இது எப்ப எடுத்த ஜெராக்ஸ்னு சொல்ல முடியுமா சார்?" அமராவதியின் குரல் பணிவாக இருந்தது. "எனக்குத் தெரியல. அவளே வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு எடுத்திருந்தா சரிவராதே."

"அவ எங்க எடுத்தா? நோட்டு என் ரூம்ல இருந்தப்பவே எடுத்தது. ஏழாம் தேதி நான்தான் சின்னையன்கிட்ட குடுத்து..."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"குடுத்து?" என்றார் வெண்மதி.

எழிலன் தாளைக் கீழே வைத்தார். மெதுவாக வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தவரைப் போல.

"எதுக்கு சார் ஒரு ரெண்டாம் வருஷப் பொண்ணு நோட்ட ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னீங்க?" என்றாள் அமராவதி. "மூணு நாளுல ஸ்ரீதர் விண்ணப்பம் போச்சு. இடது பக்கம் விழல. அதனால ரெண்டு ஜாடிக்கும் நீங்களே எண்ணு போட்டீங்க. கரி இல்லனா பூஜ்யம், கரி இருந்தா தொண்ணூத்திரண்டு. விடை தெரிஞ்ச கணக்குனு நெனச்சு."

"பக்கம் வெத்துதான்" என்றார் எழிலன். குரலில் பழைய கனம் இல்லை. "இவ பின்னாடி எழுதினதுதான்."

வெண்மதி எழுந்து, நோட்டை எடுத்துக்கொண்டு அறை மூலையில் இருந்த ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் போனார். முப்பத்தெட்டாம் பக்கத்தைக் கவிழ்த்தார். பச்சை வெளிச்சம் ஓடியது. வெளியே வந்த தாளை எல்லோருக்கும் காட்டினார்.

வெள்ளை. ஒரு டிக். ஒரு கையெழுத்து.

"பென்சில் எழுத்து இதோ நோட்டுல இருக்கு" என்றார் வெண்மதி. "மெஷினுக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல. மெஷினயாவது மன்னிக்கலாம்."

ஸ்ரீதர் கை தூக்கினான், வகுப்பில் தூக்குவதுபோல. "மேடம், எங்கப்பா கையெழுத்துப் போடுனு ஒரு ஃபாரம் குடுத்தாரு. போட்டேன். எட்டு வாரம் ஹாஸ்டல்ல இருக்கணும்னு இன்னைக்குக் கார்லதான் சார் சொன்னாரு. என் பேர எடுத்துட்டா நல்லாருக்கும்."

"இந்த மேசையில உண்ம பேசின முதல் ஆம்பள" என்றான் கதிரவன் வாய்க்குள்.

வெண்மதி ஸ்ரீதரின் விண்ணப்பத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வினோதினியின் விண்ணப்பத்தைத் தன் பக்கம் நகர்த்தினார். "சென்னையில இவளுக்கு வேற வழிகாட்டி நாங்க தரோம். ஆனா துறையிலருந்து ஒரு கடிதம் வேணும். ஆய்வு மாணவியோட சொந்த வேலைனும், நடத்தை மேல எந்தக் குறையும் இல்லனும் நீங்க எழுதிக் கையெழுத்துப் போடணும் எழிலன். இன்னைக்கே. நடந்தத நான் உங்க நிர்வாகத்துக்குத் தனியா எழுதுறேன்."

எழிலன் பேனாவை எடுத்தார். கை வேகமாகக் கையெழுத்துக்குப் போனது.

"அப்படி இல்ல" என்றாள் வினோதினி. அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை. "என் வேலைனு எழுதறதுக்கு முன்னாடி, என்ன வேலைனு படிச்சிட்டுப் போடுங்க சார்."

எழிலன் வெண்மதியைப் பார்த்தார். வெண்மதி கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கு அவசரமில்ல."

எழிலன் வினோதினியின் விண்ணப்பத்தை இழுத்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.

கதிரவன் அண்ணியின் காதருகே குனிந்தான். "போலாமா? வயிறு காந்துது. இனிமே இங்க நமக்கு என்ன வேல?"

"இரு. இந்த மாதிரி ஒண்ணு காசு குடுத்தாலும் பாக்கக் கிடைக்காது."

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். எழிலனின் உதடுகள் அசைந்தன. நான்காம் பக்கத்தில் நின்றார். வியர்வையைத் துடைத்தார். யாரிடம் கேட்பது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

"இந்த மூணாவது ஜாடிய," என்றார் தணிந்த குரலில், "எதுக்கும்மா கறுப்புத் துணி போட்டு மூடின?"

வினோதினி தன் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்து வைத்தாள்.

"மெதுவா சொல்றேன். எழுதிக்கோங்க சார்."